எழுபதுகளின் ஃபெண்டர் பிரசிஷன் பேஸை வீட்டிலேயே மீட்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரிலிருந்து வெளியிட்ட பிரசிஷன் பேஸ், மின்சார பேஸ் கிட்டாரை உலகெங்கும் கொண்டுசென்ற கருவி. இரண்டு துண்டுகளாகப் பிரிந்த பிக்அப்புடன் (தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் காந்தப் பகுதி) 1957-இல் அது பெற்ற வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. எழுபதுகளில் ஃபெண்டர் நிறுவனம் பெருமளவில் உற்பத்தி செய்த காரணத்தால், பழைய பேஸ் ஒன்றை வாங்கிச் சீர்செய்ய நினைப்பவரின் கைக்கு அந்தப் பத்தாண்டின் பிரசிஷனே அதிகம் வந்துசேர்கிறது. வீட்டில் செய்யும் வேலைக்கும் அது மிகவும் ஏற்றது. கழுத்தை உடலோடு இணைப்பவை நான்கு திருகுகள். மின்பகுதி என்று பார்த்தால் ஒரு பிக்அப், இரண்டு பாட்கள் (வால்யூம், டோன் குமிழ்களின் கீழுள்ள மாறுமின்தடைகள்), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக் என்பதோடு முடிந்துவிடும். பொறுமையும் அளவெடுக்கும் பழக்கமும் உள்ள எவரும் இதில் பெரும்பகுதியைத் தாமே செய்யலாம்.

மீட்டெடுப்பது என்பது புதிதாக்குவது அன்று. இந்தக் கருவிகளின் மதிப்பு, தொழிற்சாலையிலிருந்து வந்த மேற்பூச்சு, பிக்அப், பாட்கள், ஏன், கலைக்கப்படாத பற்றவைப்புப் புள்ளிகள் வரை, எவ்வளவு அப்படியே இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகிறது. அசல் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபூச்சு அடித்த கருவி ஏறத்தாழப் பாதி விலைக்குத்தான் போகும் என்பது பழைய கிட்டார் சந்தையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. விலையை விட்டுவிட்டாலும், ஐம்பது ஆண்டுகளில் உடல்மீது ஏறிய தேய்மானமும் நிறமாற்றமும் ஒருமுறை போனால் திரும்ப வராதவை. ஆகவே, இன்று நாம் செய்வதை நாளை இன்னொருவர் நீக்க முடியுமா என்ற கேள்வியை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். தூசி அகற்றுவது, எண்ணெய் இடுவது, தந்தி மாற்றுவது ஆகியவை அந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிடும். துளையிடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, மறுபூச்சு அடிப்பது ஆகியவை கடக்கமாட்டா.

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கருவி வந்த உடனே திருப்புளியை எடுப்பவர்கள்தான் அதிகத் தகவலை இழக்கிறார்கள். முதலில் எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, இருக்கும் நிலையிலேயே சுருதி கூட்டி, ஆம்பில் இணைத்து, ஒவ்வொரு தந்தியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளே ஃப்ரெட்டுகள்) இருபதாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பார்த்து, எங்கே ‘ஜிர்’ என்ற ஓசை வருகிறது, எங்கே சுரம் அடைபட்டுப் போகிறது, வால்யூமைத் திருகும்போது கரகரப்பு எழுகிறதா, தந்தியைத் தொட்டவுடன் ஆம்பின் இரைச்சல் குறைகிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள்தான் பின்னால் வரும் வேலை முழுவதற்கும் அடிப்படை.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பேஸின் தந்திகள், உடலில் அவை வந்து முடியும் உலோகப் பகுதியான பிரிட்ஜ் வழியாக ஆம்பின் தரைக்கம்பியோடு இணைந்திருக்கின்றன. பழைய பேஸை, எர்த் இல்லாத பழைய இரண்டு முனைப் பிளக் கொண்ட ஆம்பில் இணைத்தால், ஆம்பில் கசியும் மின்சாரம் வாசிப்பவரின் கைக்கு வரும். மூன்று முனைப் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் உள்ள ஆம்பில் மட்டுமே சோதனை செய்ய வேண்டும்.

அடுத்தது வயதைத் தெரிந்துகொள்வது. 1976 வரை வரிசை எண், கழுத்து உடலோடு இணையும் இடத்தின் பின்புறமுள்ள உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டிலிருந்து அது தலைப்பகுதிக்கு மாறியது. அங்கே எஸ் என்ற எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் வரும். எஸ் எழுபதுகளையும், அடுத்த எண் ஆண்டையும் குறிப்பதால், எஸ்7 என்று தொடங்கினால் 1977 என்று கொள்ளலாம். ஆனால் தொழிற்சாலை எண்களை வரிசை தவறாமல் பயன்படுத்தவில்லை என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாட்களின் முதுகில் அச்சிட்ட எண்களும் சாட்சி சொல்லும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனமும், 304 என்றால் ஸ்டாக்போல் நிறுவனமும் அவற்றைத் தயாரித்தவை; அடுத்து வரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் தரும். 1377633 என்றிருந்தால், சிடிஎஸ் 1976-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தில் செய்த பாட் என்று பொருள். இது கருவி அந்தத் தேதிக்கு முன்பு பூட்டப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே நிறுவும். ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்களைப் பல ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்தியது பழைய கிட்டார் ஆர்வலர்கள் நன்கறிந்த செய்தி.

கருவிகளும் பொருள்களும்

பட்டியல் நீளமானது இல்லை, ஆனால் அளவு பொருந்த வேண்டும். அமெரிக்கத் திருகுகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. பிரிட்ஜில் உள்ள உயரத் திருகுகளில் மில்லிமீட்டர் அளவு ஆலன் கீயைச் செருகினால், முதலில் பொருந்துவதுபோல் தெரிந்து, அழுத்தும்போது உள்விளிம்புகளை மழுக்கிவிடும். எனவே அங்குல அளவுத் தொகுப்பு ஒன்று கட்டாயம். இரண்டு அளவுகளில் நட்சத்திரத் திருப்புளி, டிஜிட்டல் மல்டிமீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர், சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தா, தையல் மெஷின் எண்ணெய், நான்கு சுழியம் எண்ணுள்ள மிக நுண்ணிய எஃகுப் பஞ்சு, மாஸ்க்கிங் டேப், அரை மில்லிமீட்டர் வரை கோடிட்ட எஃகு அளவுகோல், ஃபீலர் கேஜ் ஆகியவை போதும். நாப்தா எளிதில் தீப்பற்றும். ஈயப் புகை நுரையீரலுக்கு நல்லதன்று. சன்னலைத் திறந்து வைத்து, சால்டரிங் அயர்னும் நாப்தாவும் ஒரே நேரத்தில் மேசையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரித்தல்

நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமம். அதைத் திடீரென்று நீக்காமல், நான்கையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். தந்திகள் கழன்றபின் பிக்கார்டு (உடலின் முகப்பை மூடும் தகடு), பிறகு கழுத்து, கடைசியில் பிரிட்ஜ் என்ற வரிசையில் செல்லலாம். ஓர் அட்டையில் பேஸின் உருவத்தைத் தோராயமாக வரைந்து, கழற்றிய திருகு ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தால், நீளம் மாறித் துளை கெடும் ஆபத்து இருக்காது.

துருப்பிடித்து இறுகிய திருகை வலுவாகத் திருகினால் அதன் தலை சிதையும், அல்லது உள்ளேயே முறிந்து பெரிய வேலை வைத்துவிடும். சூடான சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்து, அது ஆறியபின், முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அழுத்தி, பிறகு தளர்த்தும் திசையில் திருப்பினால் பெரும்பாலும் இசைந்து வரும். சூடு மேற்பூச்சைத் தொடக்கூடாது என்பது மட்டும் கவனம்.

கழுத்தைத் தூக்கும்போது, உடலில் உள்ள குழிக்குள் சிறிய அட்டைத் துண்டோ மெல்லிய ஃபைபர் துண்டோ இருக்கக்கூடும். அழுக்கென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழுத்தின் சாய்வைச் சரிசெய்யத் தொழிற்சாலையிலேயே வைத்த ஷிம் அது. அதன் இடத்தையும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் குறித்து, அதே நிலையில் திரும்ப வைக்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதியில் தேதியோ குறியீட்டு முத்திரையோ தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள்.

மின்பகுதி: முதலில் அளவு, பிறகு பற்றவைப்பு

பழைய பேஸ்களில் ‘பிக்அப் செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல கோளாறுகள் ஜாக்கிலோ பாட்டிலோ இருக்கும் அழுக்கு மட்டுமே. ஆகவே எதையும் பிரித்தெடுக்காமல், ஒரு கிட்டார் கேபிளை ஜாக்கில் செருகி, அதன் மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். வால்யூம், டோன் இரண்டும் முழுமையாகத் திறந்திருக்கட்டும். நல்ல நிலையில் உள்ள எழுபதுகளின் பிரசிஷன் பிக்அப் 10 முதல் 11 கிலோ ஓம் வரை காட்டும். 250 கிலோ ஓம் வால்யூம் பாட் அதற்கு இணையாக இருப்பதால், கேபிள் வழியாக அளக்கும்போது எண் சற்றுக் குறைவாக வருவது இயல்பு. பத்து கிலோ ஓமுக்கு அருகில் நிலையான எண் வந்தால் பிக்அப் உயிரோடு இருக்கிறது என்று பொருள். 250 கிலோ ஓம் அளவில் காட்டினால் மீட்டர் பாட்டை மட்டுமே பார்க்கிறது, பிக்அப்பின் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. சுழியத்துக்கு அருகில் காட்டினால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

பிரசிஷனின் இரண்டு பிக்அப் துண்டுகளும் தொடர் இணைப்பில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, எதிர் காந்த முனைகளோடு அமைந்தவை; அதனால்தான் ஆம்பின் ‘உம்’ ஓசை அதில் தானே அடங்கிவிடுகிறது. தொடர் இணைப்பு என்பதால், ஒரு துண்டின் கம்பி அறுந்தாலும் மொத்த பேஸும் ஊமையாகும். இரு துண்டுகளையும் தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும்; காட்டாத துண்டில்தான் குறை.

அந்தத் துண்டின் மூடியை நிதானமாக எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அடித்தட்டில் இரண்டு சிறிய பித்தளைக் கண்ணிகள் இருக்கும். காயிலின் தொடக்கமும் முடிவும் அங்கேதான் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. காயிலில் சுற்றியுள்ள 42 கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமன்தான். வியர்வையும் ஈரமும் இறங்கிப் பச்சை படிந்து, அந்தக் கம்பி கண்ணிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அறுந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அறுந்த முனை வெளிச்சுற்றில் இருந்தால் அரைச் சுற்றைக் கவனமாகப் பிரித்து, கண்ணிவரை கொண்டுவந்து, முனையின் எனாமலை மெல்லச் சுரண்டி, ஒரே தொடுகையில் பற்றவைத்துவிடலாம். உள்சுற்றின் முனை என்றால் அதை எடுக்க வழியில்லை. துண்டை மறுசுற்றுக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்போதும் பழைய பாபினையும் காந்தங்களையும் மூடியையும் வைத்தே சுற்றித் தருமாறு கேளுங்கள். காந்தத் தூண்களின் தலையில் துரு இருந்தால் அதைத் தேய்க்க வேண்டாம். துருத் துகள் காயிலுக்குள் இறங்குவது துருவைவிடக் கெடுதல்.

கரகரக்கும் பாட்டை உடனே மாற்றத் தேவையில்லை. மூன்று கால்களுக்கு மேலுள்ள இடைவெளி வழியாகக் காண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு தெளித்து, தண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முப்பது முறை சுழற்றினால் பெரும்பாலானவை தெளிந்துவிடும். துரு இளக்கும் பொதுவான ஸ்ப்ரேக்கள் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வதால் அவற்றைப் பாட்டுக்குள் அடிக்கக் கூடாது. பாட் உண்மையிலேயே தேய்ந்துபோயிருந்தால் 250 கிலோ ஓம், ஆடியோ டேப்பர், கால் அங்குலத் திடத் தண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் தண்டில் பழைய குமிழ்கள் சரியாக உட்காராது. கழற்றிய பாட்டைப் பத்திரப்படுத்துங்கள், அதன் முதுகில்தான் கருவியின் தேதி இருக்கிறது. டோனுக்கான 0.05 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் பெரும்பாலும் கெடுவதில்லை. விலையுயர்ந்த கெப்பாசிட்டர் வைத்தால் ஓசை மேம்படும் என்று விற்பவர்கள் சொல்வதற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. மதிப்பளவு ஒன்றாக இருக்கும்வரை காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை, இழப்பது மட்டும் அசல் பாகம்.

ஜாக்கில் ஒலி விட்டு விட்டு வந்தால் உட்பகுதியைக் காண்டாக்ட் கிளீனரால் துடைத்து, நுனியைத் தொடும் வளைந்த தகட்டை உட்புறமாகச் சிறிது வளைத்தால் போதும். வெளியிலுள்ள நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் இறுக்கினால் ஜாக்கும் கூடவே சுழன்று, கம்பிகள் முறுக்கேறி, பற்றவைப்பு விட்டுப்போகும்.

இறுதியாக, பிரிட்ஜின் சேடிலுக்கும் (தந்தி அமரும் சிறு துண்டு) ஜாக்கின் உடல் பகுதிக்கும் இடையே தடையை அளங்கள். சுழியத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் பிரிட்ஜின் அடியில் செல்லும் தரைக்கம்பி துருவாலோ பூச்சாலோ தொடர்பற்றுப் போயிருக்கிறது. கம்பி நுனியையும் பிரிட்ஜின் அடிப்புறத்தில் அது தொடும் இடத்தையும் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினால் சரியாகும்.

உடலும் மேற்பூச்சும்

ஃபெண்டர் நிறுவனம் அறுபதுகளின் இறுதியிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்குப் பதிலாகத் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. எழுபதுகளின் ஆஷ் மர உடல்களின் மீது கண்ணாடிபோல் தெரியும் அந்தப் பூச்சு வலுவானது, நீரையும் நாப்தாவையும் தாங்கும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் முதலில் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீங்காத இடங்களில் நாப்தா தொட்ட துணியைப் பயன்படுத்தி, பிறகு தேவையானால் சிராய்ப்புத் தன்மை குறைந்த பாலிஷைக் கையால் தேய்க்கலாம். அசிட்டோனும் தின்னரும் அருகில் வரக்கூடாது. தலைப்பகுதியின் முகம் மட்டும் வேறு கதை. அங்கே பாலியெஸ்டர் பூசாமல் லாக்கரையே தொடர்ந்து பூசினார்கள். அதன் மேலுள்ள பெயர்ச் சின்னம் மிக மெல்லிய படலம். உலர்ந்த மென்துணியால் தூசி தட்டுவதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்த இடங்களை நிரப்பி மறைக்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்து, வேண்டாம் என்பதே. விளிம்பு தூக்கிக்கொண்டு மேலும் பெயரும் நிலையில் இருந்தால் மட்டும், மிக நீர்த்த சயனோ அக்ரிலேட் பசையை ஊசி முனையால் ஒரு துளி விளிம்பின் அடியில் விட்டு நிறுத்திவிடலாம்.

உலோக உறுப்புகள்

பிரிட்ஜைப் பிரித்து, சேடில் திருகுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்தால் மறுநாள் அவை அசையத் தொடங்கும். குரோமின் மேலுள்ள புள்ளித் துருவுக்குச் சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்ப்பது நல்ல முறை, ஏனெனில் குரோமைவிட மென்மையான அலுமினியம் அதைக் கீறாது. வினிகரில் ஊறவைப்பது முலாம் மெலிந்த இடங்களில் அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். சுருதித் திருகாணிகளின் பற்சக்கரங்களைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

எஃகுப் பஞ்சைப் பயன்படுத்தும் வேலை எதுவாயினும் பிக்அப் வேறு அறையில் இருக்க வேண்டும். அதன் இழைகளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் எடுப்பது மிகவும் கடினம்.

கழுத்து: வேலையின் மையம்

கருவி வாசிக்கத் தகுந்ததா என்பது கழுத்தில்தான் தீர்மானமாகிறது. பிரசிஷனின் கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடின் திருகுமுனை, எழுபதுகளின் கருவிகளில் தலைப்பக்கம் இல்லை, உடல்பக்க நுனியில் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு முறை சரிசெய்யவும் கழுத்தைக் கழற்றித் திருகி, மீண்டும் பூட்டி, சுருதி கூட்டிப் பார்க்க வேண்டும். அலுப்பான முறைதான், ஆனால் அவசரப்பட்டால் ராடு முறியும்.

கழுத்து வளைவை இப்படி அளக்க வேண்டும். சுருதி கூட்டிய நிலையில் தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், அந்தத் தந்தியே நேர்க்கோலாகிவிடும். நடுவில், ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி 0.35 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கழுத்தைக் கழற்றி ராடின் நட்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்றுக்கு மிகாமல் இறுக்குங்கள். இடைவெளியே இல்லையென்றால் எதிர்த்திசையில் தளர்த்துங்கள். கழற்றியிருக்கும்போது கழுத்தைக் கையால் மெல்லப் பின்னோக்கி வளைத்துக்கொண்டு நட்டை இறுக்கினால், திருகிழைகளின் மீது சுமை குறையும். நட்டு முழுவதும் இறுகிவிட்ட பிறகும் வளைவு குறையவில்லை என்றால் வலிமையைக் காட்டாதீர்கள். நட்டை முழுவதுமாக வெளியே எடுத்து, இழைகளைத் துடைத்து, ஒரு துளி எண்ணெயும் ஒரு வாஷரும் சேர்த்துத் திரும்பப் போட்டால், இன்னும் சில சுற்றுகளுக்கு இடம் கிடைப்பதுண்டு.

ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட்டா மேப்பிளா என்பதைப் பொறுத்துச் சுத்தம் செய்யும் முறை மாறுகிறது. மேப்பிள் பலகை மேற்பூச்சு பெற்றது; ஈரத்துணியும் சிறிது நாப்தாவும் போதும். ரோஸ்வுட் பலகை பூச்சில்லாதது, பல ஆண்டுகளின் வியர்வையும் தோலின் எண்ணெயும் ஃப்ரெட்டுகளின் ஓரத்தில் கறுத்துத் திரண்டிருக்கும். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் அதைச் சுரண்டி, நாப்தாவால் துடைத்து, எஃகுப் பஞ்சை மரத்தின் நார்வழியே லேசாக ஓட்டி, கடைசியில் ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கப்படும் லெமன் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவி, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களைத் தடவாதீர்கள்; நாளடைவில் பிசுபிசுத்து நாற்றம் எடுக்கும். அறுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டைக் கைவிட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் அதே மரவகைதான் எழுபதுகளின் அந்தக் கலிஃபோர்னியக் கருவிகளில் விரல்படும் பலகையாக இருக்கிறது.

ஃப்ரெட்டுகளைப் பொறுத்தவரை, வீட்டில் எதைச் செய்வது, எதை விடுவது என்ற கோட்டை இங்கே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சிறிய நேர்விளிம்பை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளின் மீது வைத்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. அது பள்ளத்திலிருந்து மேலெழும்பியிருந்தால், மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டி உட்காரவைத்து, அடியில் நீர்த்த சயனோ அக்ரிலேட் ஒரு துளி விடலாம். பல ஃப்ரெட்டுகளில் தந்தித் தடம் பள்ளமாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் சமன்செய்ய வேண்டியிருக்கும். கழுத்தை முற்றிலும் நேராக்கி, பலகையை டேப்பால் மறைத்து, ஃப்ரெட்டுகளின் தலையில் மார்க்கர் மை பூசி, நேரான கட்டையில் ஒட்டிய 400 எண் உப்புத்தாளை நீளவாக்கில் ஓட்டினால், மை அழிந்த இடம் உயரம், அழியாத இடம் பள்ளம் என்பது கண்ணுக்குத் தெரியும். எல்லா ஃப்ரெட்டிலும் மை அழிந்த அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு தட்டையான தலைகளை ஃப்ரெட் அரத்தால் வட்டமாக்கி, 600, 1000, 2000 என்ற வரிசையில் மெருகேற்றலாம்.

ஆனால் ஃப்ரெட்டின் உயரம் ஏற்கெனவே 0.6 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டிருந்தால் சமன்செய்ய மீதம் எதுவும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதை அனுபவமுள்ள கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். அந்தக் காலத்தில் ஃபெண்டர் தொழிற்சாலையில் ஃப்ரெட்டுகளை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் செலுத்திப் பொருத்தினார்கள். அதை அறியாமல் குறடால் மேல்நோக்கி இழுத்தால் பலகையின் மரம் சில்லாகப் பெயர்ந்து வரும்.

தலைப்பக்கம் தந்திகள் ஏறிச் செல்லும் குறுக்குப் பட்டையையும் நட்டு என்றே சொல்வார்கள்; ராடின் நட்டு வேறு. அந்தப் பட்டையின் பள்ளங்களைப் பார்க்க, தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். அதிகமிருந்தால் அந்தத் தந்தியின் தடிமனுக்கு ஏற்ற அரத்தால் சிறிது சிறிதாக இழைக்கலாம். இடைவெளியே இல்லாவிட்டால் பள்ளம் ஆழமாகிவிட்டது, புதிய எலும்பு நட்டு வேண்டும்.

பூட்டுதலும் அமைப்பும்

திருகுகளின் இழைகளில் மெழுகு தடவிப் பூட்டுங்கள். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். இறுகாமல் சுழலும் துளைகளில் பல்குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகி, ஓரிரவு உலரவிட்டு, மட்டமாக வெட்டிய பின் திருகை அதன் பழைய இழைத்தடத்திலேயே கையால் இறக்க வேண்டும். கழுத்துத் திருகுகளைக் குறுக்குவாட்டு வரிசையில், ஒன்றை முழுவதும் இறுக்கிவிடாமல், படிப்படியாக இறுக்குங்கள்.

தந்தியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு வழிகள். அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரசிஷனில் வாசித்தது, தட்டைக் கம்பி சுற்றிய தட்டைச் சுற்றுத் தந்திகள். ஒலி உருண்டையாகவும் மங்கலாகவும் இருக்கும், ஃப்ரெட்டுகள் தேய்வதும் குறைவு. அறுபதுகளின் நடுவில் தந்தி நிறுவனமான ரோட்டோசவுண்ட் பரப்பிய, உருண்டைக் கம்பி சுற்றிய உருண்டைச் சுற்றுத் தந்திகள் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் பழைய மெல்லிய ஃப்ரெட்டுகளை விரைவில் அரிக்கும். பழைய ஃப்ரெட்டுகளைக் காப்பாற்ற நினைப்பவருக்குத் தட்டைச் சுற்றையே பரிந்துரைப்பேன். எதுவானாலும், மிகுதி நீளத்தை வெட்டுவதற்கு முன்பு தந்தியைச் செங்கோணமாக மடித்துவிட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் சுற்றுக் கம்பி உள்கம்பியிலிருந்து நழுவி, தந்தியின் ஒலி செத்துவிடும்.

வளைவு சரியானபின் தந்தியின் உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில், தடித்த தந்திக்கு 2.8 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திக்கு 2.4 மில்லிமீட்டரும் தொடக்க அளவாகக் கொள்ளலாம். இந்தக் கழுத்துப் பலகையின் குறுக்குவாட்டு வளைவாரம் 7.25 அங்குலம் என்பதால், நடு இரண்டு சேடில்களும் ஓரத்தைவிடச் சற்று உயர்ந்து பலகையின் வளைவையே பின்பற்ற வேண்டும். பிக்அப்பை, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திய நிலையில், தடித்த பக்கம் 3.2 மில்லிமீட்டரும் மெல்லிய பக்கம் 2.4 மில்லிமீட்டரும் இடைவெளி இருக்குமாறு வையுங்கள். அதன் அடியிலுள்ள பஞ்சு பொடிந்திருந்தால் உயரம் நிற்காது. புதிய நுரைத் துண்டு வெட்டி வைக்கலாம்.

கடைசியாகச் சுருதித் துல்லியம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டு எழுப்பும் இணைச்சுரத்தையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னுக்கும், குறைவாக இருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திரும்பச் சுருதி கூட்டியே அளக்க வேண்டும்.

பல ஆண்டுகள் தளர்ந்து கிடந்த கழுத்து, புதிய இழுவிசைக்குப் பழகச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து வளைவையும் உயரத்தையும் மீண்டும் அளந்து, முதல் நாள் எழுதிய தாளின் பக்கத்திலேயே புதிய எண்களை எழுதுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலத் தொடக்கத்திலும் கோடையிலும் ஒருமுறை அளப்பது நல்லது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும். கழற்றி மாற்றிய பாட், திருகு, நட்டு எதுவாயினும் ஓர் உறையிலிட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்து இந்த பேஸைத் திறப்பவருக்கு அவை தேவைப்படும்.